தேரிக்காட்டுக் குறிப்புகள்

திருச்செந்தூருக்கு வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் கடலில் முழுகி, முருகனைக் கும்பிட்டு, ஒரு பெட்டி கருப்பட்டி வாங்கிக்கொண்டு அன்றைக்கே ஊர் திரும்பிவிடுகிறார்கள். ஊருக்கு மேற்கே அரைமணி நேரப் பயணத்தில் தமிழ்நாட்டின் செம்மணல் பாலையான தேரிக்காடு கிடக்கிறது. அதைப் பார்க்காமல் போவது பெரிய இழப்பு. கோலார் தங்கவயலின் மாரிகுப்பத்துக்காரர்களுக்கு இன்னும் கூடுதல் இழப்பு. சுரங்கம் கொட்டிய மணல்மேட்டின் நிழலில் வளர்ந்தவர்கள் நாங்கள்.

*

கோலார் தங்கவயலிலிருந்து திருச்செந்தூருக்கு நேர் வண்டி கிடையாது. மாரிகுப்பத்தில் பாசஞ்சர் ஏறி பெங்களூர் போய், அங்கே இரவு தூத்துக்குடி எக்ஸ்பிரஸைப் பிடிக்க வேண்டும். தூத்துக்குடியில் இறங்கினால் திருச்செந்தூருக்கு பஸ் நிறைய இருக்கிறது. எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு முருகன் என்றால் திருத்தணிதான். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி அங்கேதான் போகும். அக்கா பேரனுக்கு மொட்டை செந்தூரில் என்று ஒரு வேண்டுதல் இருந்ததால் குடும்பத்தோடு கிளம்பினோம். ஆனி மாதம். காற்றுக் காலம்.

*

கடலைப் பற்றி ஒன்று எழுதியாக வேண்டும்.

தங்கவயல் கடல் மட்டத்திலிருந்து 800 மீட்டருக்கு மேலே இருக்கிறது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் தரையிலிருந்து ஏறக்குறைய 3,200 மீட்டர் கீழே போனது. கழித்துப் பார்த்தால், அடி மட்டத்தில் பாறை உடைத்தவர்கள் கடல் மட்டத்துக்கும் 2 கிலோமீட்டருக்கு மேல் கீழே நின்று வேலை பார்த்திருக்கிறார்கள். பாறையின் சூடு அங்கே 60 டிகிரியைத் தாண்டும். மேலேயிருந்து குளிரூட்டிய காற்றை அனுப்பித்தான் மனிதன் நிற்க முடிந்தது. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்த அந்தத் தலைமுறையில் எத்தனையோ பேர் ஒரு தடவைகூடக் கடலைக் கண்ணால் பார்க்காமல் போய்ச் சேர்ந்தார்கள்.

செந்தூர்க் கரையில் இடுப்பளவு தண்ணீரில் நின்றபோது இந்தக் கணக்குதான் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா பேரன், எங்கள் சின்னவன், முதல் அலைக்குப் பயந்து தாத்தாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டான். இரண்டாவது அலைக்குச் சிரித்தான். அதற்குப் பிறகு அவனைக் கரையேற்றுவதுதான் பெரும்பாடு.

*

நாழிக்கிணறு. கடலுக்கு இத்தனை பக்கத்தில், பெரிய கிணற்றுக்குள் சின்னதாக ஒரு ஊற்று, குடிக்கிற தண்ணீர். வேல் ஊன்றிய இடம் என்பது நம்பிக்கை. மணல் நாட்டின் இயல்பும் அதற்கு இடம் கொடுக்கிறது: பெய்த மழை மணலுக்குள் இறங்கி, கனமான உப்புத் தண்ணீருக்கு மேலே நல்ல தண்ணீராக மிதந்து நிற்கும். அளவாக இறைத்தால் வற்றாது. அகலமாக வெட்டி மோட்டார் போட்டால் உப்பு ஏறிவிடும். ஒரு சின்னக் கிணற்றை அந்த அளவிலேயே வைத்துக் காத்து வந்தவர்கள் தண்ணீரைத் தெரிந்தவர்கள்.

*

தேரிக்குப் போகிற வழி காயாமொழி. திருச்செந்தூரிலிருந்து கொஞ்ச தூரம் வரை வாழையும் பச்சை வயலும் வருகின்றன. பிறகு பனை. பிறகு பனையைத் தவிர வேறொன்றும் இல்லை. தரையின் நிறம் மெல்ல மெல்லச் சிவக்கிறது. ஆட்டோ ஒரு வளைவில் திரும்பியதும், அக்கா "அய்யோ, இன்னா நிறம்டா இது!" என்றாள். அவளுக்கு அதற்கு மேல் வார்த்தை வரவில்லை, எனக்கும்தான்.

செங்கல் நிறம் என்று சொல்லிவிட முடியாது. காலையில் ஒரு சிவப்பு, உச்சிவெயிலில் ஏறக்குறைய ஆரஞ்சு, சாயங்காலம் கருஞ்சிவப்பு. மேடும் பள்ளமுமாக, அலை அலையாக, கண்ணுக்கெட்டிய தூரம் வரை. காற்று மணலின் மேல் விரல் விரலாகக் கோடு போட்டிருக்கிறது. சறுக்கல் ஓரத்தில் பாதி புதைந்த பனைகள். மட்டை மட்டும் வெளியே தெரிகிறது. குடை விரித்த மாதிரி தலை தட்டையாக நிற்கிற உடைமரங்கள். அங்கங்கே கொல்லாமரம், நம் பக்கம் முந்திரி என்போமே, அது.

குதிரைமொழித் தேரி என்று இந்தப் பகுதிக்குப் பெயர். காப்புக் காடாக வனத்துறையிடம் இருக்கிறது. தெற்கே சாத்தான்குளம், இட்டமொழி வரைக்கும் துண்டு துண்டாகத் தேரிகள் தொடர்கின்றன.

*

இதை ராஜஸ்தான் மாதிரி என்று வீடியோக்களில் சொல்கிறார்கள். அந்த ஒப்பீடு தேவையே இல்லை. இங்கே வடகிழக்குப் பருவமழை பெய்கிறது. மழை போதாமல் உண்டான பாலை இல்லை இது. பெய்கிற தண்ணீர் ஒரு சொட்டு மேலே நிற்காமல் உடனே இறங்கிவிடுவதால் உண்டான பாலை. இறங்கின தண்ணீர் எங்கேயும் தொலைந்து போவதில்லை. தேரியின் காலடியில் சுனையாக வருகிறது. பள்ளங்களில் தருவையாகத் தேங்குகிறது. வைரவம் தருவை, புத்தன் தருவை என்று மழைக்காலத்தில் நிரம்புகிற ஆழமில்லாத ஏரிகள் இந்தச் செம்மணல் நடுவே உண்டு. பறவைகள் வந்து இறங்கும் இடங்கள் அவை.

*

மணல் ஏன் சிவப்பு? பெரும்பகுதி படிகக்கல் துகள்தான், நிறமில்லாதது. கூடவே இல்மனைட், கார்னெட், ஜிர்கான், ரூட்டைல் போன்ற கனமான தாதுக்கள். இரும்பு கலந்த தாதுக்கள் வெயிலிலும் மழையிலும் சிதைந்து, அந்த இரும்புத் துரு ஒவ்வொரு துகளின் மேலும் மெல்லிய பூச்சாகப் படிந்திருக்கிறது. கடற்கரையில் கிடக்கும் வெளிர் மணலையும் தேரி மணலையும் இரண்டு கையிலும் அள்ளிப் பார்த்தால் வயது வித்தியாசம் தெரியும். துரு ஏறுவதற்குக் காலம் வேண்டும்.

எங்கிருந்து வந்தது என்பதில் இரண்டு பேச்சு உண்டு. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று மே முதல் செப்டம்பர் வரை சீறிக்கொண்டு வருகிறது. முப்பந்தலில் காற்றாலைகளைச் சுழற்றுவதும் அதே காற்றுதான். அது மலையடிவாரத்துச் செம்மண்ணை வாரிக்கொண்டு வந்து கடற்கரையோரம் கொட்டியது என்பது பழைய விளக்கம். பனியுகத்தில் கடல் இன்றைக்கு இருப்பதைவிட 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்து, மன்னார் வளைகுடாவின் அடித்தரை வெளியே கிடந்த காலத்தில், அந்தக் கடல் மணலைக் காற்று மேலே ஏற்றியது என்பது இன்னொன்று. நேரில் நின்று பார்த்தால் இரண்டுக்கும் இடமிருக்கிறது என்றே படுகிறது. எப்படியானாலும், ஆயிரக்கணக்கான ஆண்டுகள் காற்று பார்த்த வேலை.

*

எங்கள் மேடுகளைப் பற்றி.

மாரிகுப்பம், சாம்பியன் ரீஃப், ராபர்ட்சன்பேட்டை என்று எங்கிருந்து பார்த்தாலும் கண்ணில் படுவது சயனைடு மேடு. சாம்பலும் வெளிர் மஞ்சளும் கலந்த நிறம். ஜான் டெய்லர் கம்பெனி 1880இல் வந்து இறங்கியது முதல், 2001 பிப்ரவரி 28இல் பாரத் கோல்ட் மைன்ஸ் மூடப்பட்டது வரை, பூமிக்குள்ளிருந்து எடுத்த பாறையை மில்லில் மாவாக அரைத்து, பின்னாளில் சயனைடு கரைசலிலும் கரைத்துத் தங்கத்தை எடுத்துக்கொண்டு, மிச்சத்தைக் கொட்டிய இடம். மொத்தம் 13 மேடுகள், சுமார் 1,000 ஏக்கர், 3 கோடியே 30 லட்சம் டன்.

அந்த நூற்றிருபது ஆண்டுகளில் எடுத்த தங்கம் ஏறக்குறைய 800 டன். ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு கிராம் தங்கத்துக்கு நாற்பது கிலோவுக்கு மேல் மண். எட்டு கிராம் கொண்ட ஒரு பவுனுக்கு 330 கிலோ. மகளுக்கு ஐந்து பவுனில் சங்கிலி போடுகிற அப்பாவுக்கு அந்தச் சங்கிலி வீட்டுக்குள் வருகிறது. அதற்குரிய ஒன்றரை டன்னுக்கு மேற்பட்ட மணல் எங்கள் ஊரில் நிற்கிறது.

மழையில் அந்த மேடுகள் கீறிக்கொண்டு ஓடும். ஆழமான வாய்க்கால்கள் விழுந்து, மண் கரைந்து கீழே உள்ள நிலத்துக்கும் ஏரிக்கும் போகும். கோடையில் காற்று எழுப்பினால் வீட்டுக்குள் தட்டு, தம்ளர், தொட்டில் எல்லாவற்றிலும் ஒரு படலம். சயனைடு வெயிலில் நாளடைவில் சிதைந்துவிடும். அமிலமும் உலோகங்களும் அப்படிப் போய்விடுவதில்லை. அந்த மண்ணில் மரம் பிடிப்பது கடினம்.

சின்ன வயதில் நாங்கள் அங்கே தகரத்தில் உட்கார்ந்து சறுக்கி விளையாடினோம். எங்களுக்குக் கடற்கரை அதுதான், பாலைவனமும் அதுதான். ஊருக்கு விருந்தாளி வந்தால் சாயங்காலம் அழைத்துப் போய்க் காட்டுகிற இடமும் அதுதான். சினிமாக்காரர்களும் தேடி வந்தார்கள். 2018இல் வந்த 'கே.ஜி.எஃப்' கன்னடப் படத்துக்கு எங்கள் மேட்டில்தான் செட் போட்டார்கள். படம் நாடு முழுக்க ஓடியது. புழுதியைத் தின்று வளர்ந்தவர்களின் கதை அதில் இருக்க வேண்டிய அளவுக்கு இல்லை.

*

மணல் துகளைப் பற்றி ஒரு குறிப்பு. தேரி மணலை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தால் உருண்டு ஓடுகிறது. காற்று ஆயிரக்கணக்கான ஆண்டுகள் உருட்டி உருட்டி முனை மழுங்கிய துகள். எங்கள் மேட்டு மணல் ஸ்டாம்ப் மில்லில் இடித்து நொறுக்கியது. ஒவ்வொரு துகளுக்கும் முனை உண்டு, ஓரம் உண்டு. நுரையீரலுக்குள் போகிற அளவுக்கு நைசானது. புதிதாக உடைந்த படிகக்கல் தூசி பழைய மணலைவிடக் கொடியது என்று தொழில் மருத்துவம் சொல்கிறது. சுரங்கத்தில் வேலை பார்த்த தலைமுறையின் இருமலுக்கு சிலிகோசிஸ் என்று பெயர் வைத்தார்கள்.

இரண்டு மணலும் பெரும்பாலும் ஒரே கல். ஒன்றைக் காற்று செய்தது, மற்றதைக் கம்பெனி செய்தது. நான் இந்தப் பயணத்தில் பார்த்தது இதுதான். மீதியெல்லாம் இதைச் சுற்றி வருகிற குறிப்புகள்.

*

அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில், மேலப்புதுக்குடி. சிவந்த மேடுகளுக்கு நடுவே திடீரென்று அடர்ந்த மரங்கள், குளிர்ச்சி, ஒரு சுனை. வெளியே கால் சுடுகிறது, உள்ளே நாவல் மரத்தடியில் ஈரத் தாவணி காய்கிறது. பங்குனி உத்திரத்துக்குக் குலதெய்வம் தேடி எங்கெங்கோ இருக்கிற குடும்பங்கள் இங்கே வந்து சேர்கின்றன. மணல் நாட்டில் சுனைக்குக் காவலாக ஒரு சாமியை உட்கார வைத்தவர்கள் என்ன நினைத்தார்கள் என்று விளக்கம் கேட்கத் தேவையில்லை.

தேரிக்குடியிருப்பில் கற்குவேல் அய்யனார். கார்த்திகை முடிகிற சமயத்தில் கள்ளர் வெட்டுத் திருவிழா. கள்ளனுக்குப் பதிலாக இளநீரை வெட்டுகிறார்கள். அது விழுந்து நனைந்த செம்மணலை ஜனங்கள் அள்ளிக்கொண்டு போய் வீட்டிலும் வயலிலும் கடைப்பெட்டியிலும் வைக்கிறார்கள். செழிக்கும் என்று நம்பிக்கை.

மண்ணை வீட்டுக்குக் கொண்டுபோக ஆசைப்படுகிற ஊர். எங்கள் ஊரில் வாசலைத் தினமும் கழுவித் தள்ளுகிறோம்.

*

பதனி குடித்தது. பருவத்தின் கடைசி. பனையேறி ஒருவர் மரத்திலிருந்து இறங்கி, கலயத்திலிருந்து ஓலைப் பட்டையில் ஊற்றிக் கொடுத்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர். நெஞ்சில் மரம் உரசிய தழும்பு.

"எந்தூர்லேர்ந்து வாறீய?"

"கோலார் தங்கவயல், அண்ணாச்சி."

"தங்கம் வெட்டுத ஊரா? இப்பமும் வெட்டுதாவளா?"

"இல்லண்ணாச்சி. மூடி இருபது வருசத்துக்கு மேல ஆயிடுச்சு."

"அப்பம் சனங்க?"

"காலையில ரயிலேறி பெங்களூரு போயி வேல பாத்துட்டு ராத்திரி திரும்புவாங்க."

அவர் பட்டையை மறுபடி நிரப்பினார். "இங்கயும் அதான. பயலுவ எல்லாம் மெட்ராசு, பம்பாயி, துபாயின்னு போயிட்டானுவ. மரம் நிக்கி, ஏற ஆளு இல்ல."

காசு கொடுத்தபோது சின்னவனுக்கு ஊற்றியதற்கு மட்டும் வாங்க மறுத்துவிட்டார்.

ஒரு மரத்தில் ஒரு நாளைக்கு இரண்டு தடவையாவது ஏற வேண்டும். பாளையைச் சீவ வேண்டும், சீவாவிட்டால் ஊறாது. கலயத்தில் சுண்ணாம்பு தடவாவிட்டால் கள்ளாகிவிடும். இறக்கின பதனியை வீட்டுப் பெண்கள் மணிக்கணக்காகக் காய்ச்சி, பதம் பார்த்து, சிரட்டையில் ஊற்றிக் கருப்பட்டி ஆக்குகிறார்கள். புகையும் சூடும் அவர்கள் பங்கு. உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நல்ல காரியம். அந்தப் பெயரில் சீனி கலந்த சரக்கு விற்பதைத் தடுக்கவும், ஏறுகிறவருக்கும் காய்ச்சுகிறவருக்கும் கூலி ஏறவும் அது பயன்பட்டால்தான் நிறைவு.

*

ராபர்ட் புரூஸ் ஃபூட். 1863இல் பல்லாவரத்தில் கல்லாயுதம் கண்டெடுத்தவர் என்று பள்ளிப் புத்தகத்தில் படித்த பெயர். அவர் நில ஆய்வுத் துறைக்காக மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் நிலவியலை எழுதியபோது இந்தத் தேரிகளிலும் நடந்திருக்கிறார். அதே காலத்தில் மைசூர் நாட்டின் தங்கப் பகுதிகளையும் ஆராய்ந்திருக்கிறார். எங்கள் தங்கம் இருக்கிற பாறை வகைக்குத் தார்வார் என்று பெயர் வைத்தவரும் அவரே. எங்கள் மண்ணையும் இந்த மண்ணையும் ஒரே மனிதர் ஒரே கூர்மையோடு பார்த்திருக்கிறார் என்பது எனக்குப் பெரிய சந்தோஷம்.

தேரிகளில் சின்னச் சின்னக் கல்லாயுதங்கள் கிடைத்திருக்கின்றன. விரல் நகத்தளவு. அம்பு முனையாகவும் கத்தி விளிம்பாகவும் பொருத்தியவை. சாயர்புரம், மெய்ஞ்ஞானபுரம் பக்கத்துத் தளங்களை சூய்னரும் பிரிட்ஜெட் ஆல்சினும் ஆராய்ந்து 1956இல் விரிவாக எழுதினார்கள். அந்த மனிதர்கள் ஆயுதம் செய்த கல்லும் படிகக்கல் வகைதான். எங்கள் ஊரில் தங்கம் ஓடுகிற ரீஃபும் படிகக்கல்தான். அவர்கள் கைப்பிடி அளவு உடைத்தார்கள். ஊர் ஊராகப் போனார்கள். அவர்கள் விட்டுப்போன குப்பையை நாம் தேடித் தேடிப் பொறுக்கி அருங்காட்சியகத்தில் வைக்கிறோம்.

*

இடையன்குடிக்குப் போக நேரம் கிடைத்தது. கால்டுவெல் 1841இல் இந்த மணற்காட்டு ஊருக்கு வந்து வாழ்ந்தார். அவர் எழுப்பிய தேவாலயம் கட்டி முடிய முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகி, 1880இல் திறக்கப்பட்டது. அவர் உடலும் அங்கேதான் இருக்கிறது. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதியவர் என்ற மரியாதை எனக்கு உண்டு. ஆனால் பனையேறும் மக்களைப் பற்றி அவர் 1849இல் எழுதிய நூல் அந்த மக்களையே புண்படுத்தியது என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். மணலோடு வாழ்கிறவர்களை வெளியிலிருந்து வந்தவர்கள் எழுதும்போது இந்த விபத்து அடிக்கடி நேர்கிறது. சுரங்கத் தொழிலாளர்களின் எங்கள் லைன் வீடுகளைப் பற்றி எழுதியவர்களிடமும் பார்த்திருக்கிறேன்.

முதலூரில் மஸ்கோத் அல்வா. தேங்காய்ப்பால் விட்டுக் கிண்டியது. கையில் எண்ணெய் ஒட்டாமல் வழுக்குகிறது. அக்கா இரண்டு கிலோ வாங்கினாள்.

*

மணப்பாடு. இந்தக் கரையில் இத்தனை அழகான ஊர் வேறு இல்லை என்று தோன்றியது. கருமேனியாறு கடலில் சேரும் இடம். கடலுக்குள் நீண்டு கிடக்கிற மணல்திட்டு, அதன் மேட்டில் திருச்சிலுவைக் கோயில், உள்பக்கம் அமைதியான உப்பங்கழி, வெளிப்பக்கம் அலை. பிரான்சிஸ் சவேரியார் 1542இல் வந்து தங்கியதாகச் சொல்லும் குகை மேட்டின் கடல்பக்கத்தில் இருக்கிறது. செப்டம்பர் 14 திருவிழாவுக்குக் கூட்டம் நெரியும். நாங்கள் போனபோது வலை காய வைத்திருந்த இரண்டு பேரும் அலைச்சறுக்கு பழகுகிற சில பையன்களும்தான்.

இங்கே மணல் வெளிர் நிறம். சில கிலோமீட்டர் உள்ளே போனால் சிவப்பு. ஒரே காற்று, ஒரே கடல். காலம் மட்டும் வேறு.

*

இல்மனைட் விஷயம். தேரி மணலில் உள்ள இல்மனைட்டிலிருந்து டைட்டானியம் டை ஆக்சைடு எடுக்கலாம். வெள்ளை பெயின்டுக்கு வெண்மை தருவது அதுதான். சிவப்பு மணலிலிருந்து உலகத்தின் வெள்ளைச் சுவர்கள். சாத்தான்குளம் பக்கத்தில் இதற்காகப் பெரிய ஆலை வைக்க டாடா நிறுவனத்துக்கும் தமிழக அரசுக்கும் 2007இல் ஒப்பந்தம் ஆனது. ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலம் தேவைப்பட்டது. ஊர் ஊராக எதிர்ப்பு எழுந்தது, கட்சிகளும் சேர்ந்துகொண்டன. திட்டம் நின்றது.

வேலை வந்திருக்குமே என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். சுரங்கம் இருந்தபோது எங்கள் ஊரில் 1902இலேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. ஆஸ்பத்திரி இருந்தது, பள்ளிக்கூடம் இருந்தது, பேத்தமங்கலத்திலிருந்து தண்ணீர் வந்தது. சம்பள நாளில் ஆண்டர்சன்பேட்டைக் கடைவீதி ஜொலிக்கும். எல்லாம் உண்மை. ஆனால் சாத்தான்குளத்துக்காரர்கள் யாராவது அன்றைக்கு என்னைக் கேட்டிருந்தால், தாது தீர்ந்த மறுநாள் இந்த மணல் யார் பொறுப்பில் இருக்கும் என்று எழுத்தில் வாங்குங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன். எங்களுக்கு அதை எழுதிக் கொடுத்தவர் ஒருவரும் இல்லை.

*

குலசேகரன்பட்டினம். தசரா வேடங்களுக்குப் பேர்போன முத்தாரம்மன் ஊர். 2024 பிப்ரவரி 28இல் இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு இங்கே அடிக்கல் நாட்டினார்கள். 2,000 ஏக்கருக்கு மேல். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்கு ஏவினால் இலங்கையைச் சுற்றி வளைத்துப் போக வேண்டும், எரிபொருள் வீணாகும். இங்கிருந்து நேராகத் தெற்கே விடலாம். சின்ன ராக்கெட்டுகளுக்கு அது பெரிய லாபம்.

எங்கள் சுரங்கம் மூடியதும் ஒரு பிப்ரவரி 28தான். விஞ்ஞானத்துக்கு எங்கள் ஊரும் இடம் கொடுத்திருக்கிறது: சாம்பியன் ரீஃபின் ஆழத்தில் கருவி வைத்து, டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தாரும் ஜப்பான், இங்கிலாந்து விஞ்ஞானிகளும் 1965இல் வளிமண்டல நியூட்ரினோக்களின் தடயத்தைப் பிடித்தார்கள். மாரிகுப்பத்துப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கிறவர்கள் குறைவு. குலசைப் பிள்ளைகளுக்கு ராக்கெட்டைப் பற்றி நன்றாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும். வேலையிலும் அவர்களுக்கு இடம் வேண்டும், காவலாளி வேலையில் மட்டும் போதாது.

*

ரயிலில் திரும்பும்போது எழுதியது. 2024இல் கர்நாடக அமைச்சரவை எங்கள் 13 மேடுகளிலும் மிச்சமிருக்கும் தங்கத்தை எடுக்க ஒப்புதல் கொடுத்தது. மில்லில் தப்பிய தங்கம் அந்த மணலில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. புதிய முறைகளில் அதைப் பிரிக்க முடியும்.

நான் இதற்கு எதிரி இல்லை. மேடுகள் இப்படியே நிற்பதைவிட நல்ல முறையில் கையாளப்படுவது மேல். ஆனால் மூன்று காரியங்கள் எழுத்தில் வேண்டும். மேட்டைக் கலைக்கும்போது எழும் புழுதிக்குப் பக்கத்து லைன்களில் இருக்கிறவர்கள் பலியாகாதபடி ஈரப்படுத்துவதும் அளப்பதும், அளந்ததை ஜனங்களுக்குக் காட்டுவதும். எடுத்து முடித்த மணலைத் திரும்பக் கொட்டும் இடத்தில் அடியில் தடுப்பும் மேலே நல்ல மண்ணும் போட்டு மரம் வைப்பது. ஊர்க்காரர்களுக்கு வேலை. தேரியில் பறக்கிற மணலை உடைமரமும் கொல்லாவும் பனையும் பிடித்து நிறுத்தியிருப்பதை நேரில் பார்த்துவிட்டேன். எங்கள் மண்ணில் அதே மரங்கள் அப்படியே வராது, அமிலத்தை முதலில் சரிசெய்ய வேண்டும். அது தெரிந்த விஞ்ஞானிகள் நாட்டில் இருக்கிறார்கள். கூப்பிட வேண்டும், அவ்வளவுதான்.

*

தங்கவயலிலிருந்து போகிறவர்களுக்கு:

தேரிக்குக் காலை ஒன்பது மணிக்கு முன்னால் போய்விடுங்கள், இல்லையென்றால் நாலு மணிக்கு மேல். உச்சிவெயிலில் குழந்தைகளை மணலில் இறக்கக் கூடாது. ஆளுக்கு இரண்டு பாட்டில் தண்ணீர். ஆனி ஆடியில் காற்று கண்ணில் மணலை அடிக்கும், துண்டு அவசியம். எல்லா மேடும் ஒரே மாதிரி இருப்பதால் உள்ளே தூரமாக நடக்க வேண்டாம், ஊர்க்காரர் ஒருவரைக் கூட்டிக்கொள்ளுங்கள். காப்புக் காட்டுக்குள் பாட்டிலையும் பிளாஸ்டிக்கையும் போட்டுவிட்டு வராதீர்கள். பதனி காலையில் குடிப்பது நல்லது. மாசி முடிந்து ஆடி வரைக்கும் கிடைக்கும். கருப்பட்டியைக் காய்ச்சுகிற வீட்டிலேயே வாங்குங்கள், பேரம் பேசாமல். மணப்பாட்டுக்குத் திருச்செந்தூரிலிருந்து டவுன் பஸ் உண்டு, சாயங்காலம் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று இறங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.